பாரைக்கும் சீலாவுக்கும் ஒரு வான்

மகன்,

“நாங்கள் நலம், நீயும் நலமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம்” என்று முன்பெல்லாம் தொடங்குவேன். சொல்லித் தருகிறவள் அம்மா, பேனை பிடிக்கிறவன் நான். இப்போது அந்த ‘நாங்கள்’ இல்லை. வீட்டில் நான் ஒருவன், என் கதிரை, பக்கத்தில் அவளுடைய கதிரை. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு உன் கேள்விக்கே வருகிறேன்.

பதினொரு மாதம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது போன் அதிர்ந்தது. பார்த்தால் மூன்று வான்களின் படம். கீழே நீ எழுதியிருந்தாய்: “அப்பா, இதில எது நல்லம்? நாய் ரெண்டும் பெரிசு. பாரைக்கு இனிக் கன காலம் இல்லையாம். அதுக்கு முதல், வேலையை விட்டுட்டு ரெண்டையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வழிய போகப் போறன். படுக்கையும் வானுக்குள்ளதான்.” நான் செருப்பை விட்டுவிட்டு அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவுஸ்திரேலியாவில் வான் விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பேசாலையில் முழங்கால் தேய்ந்துபோய் இருக்கிற பழைய வான்காரனிடம் நீ கேட்டிருக்கிறாய். வானைப் பற்றித்தான் கேட்டாயோ, வேறு எதையாவது கேட்டாயோ, எனக்குத் தெரியாது. எதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

செத்த வீட்டுப் பந்தலில் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஊர் கேட்க நான் உன்னிடம் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். “உன்ட தாய் இஞ்ச பெட்டியில கிடக்கிறா. நீ அங்க நாய்க்குக் காவல் இரு. இனி எனக்குப் போன் எடுக்காத.” நீ அந்தப் பக்கத்தில் “அப்பா, பாரைக்கு வயித்தை வெட்டித் தைச்சிருக்கு, மூண்டு நாள் பக்கத்தில ஆள் நிக்கவேணுமாம், என்னை விட்டா ஆள் இல்லை அப்பா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். பந்தலில் இருந்தவர்கள் எனக்காகத் தலையாட்டினார்கள். நாய்க்காகத் தாயைப் பார்க்க வராதவன் என்று இன்றைக்கும் இந்த ஊரில் உனக்குப் பேர். அந்தப் பேரை வைத்தவன் நான், அது பொய்ப் பேர். எப்படிப் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அன்று கேட்டவர்கள் இதையும் கேட்க வேண்டும் என்று எங்கள் கோவில் பங்குச் சஞ்சிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். ஆனால் நேரே அந்த இடத்துக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. வானைப் பற்றி எனக்குத் தெரியும், அதிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுமையாய் இரு.

முதல் படத்தில் இருக்கிற வெள்ளை வானை விட்டுவிடு. அழகுதான், கூரையும் உயரம்தான், நீ குனியாமல் நிற்கலாம். ஆனால் அடுப்பும் தொட்டியுமாய் அந்தக் குசினியை வானின் நட்டநடுவில் கொண்டுவந்து வைத்தவன் வாழ்க்கையில் பூனை கூட வளர்த்திருக்க மாட்டான். பெரிய நாய் படுக்கும் முன்பு ஒரு சுற்றாவது சுற்றும். அதற்குத் தன் உடம்பு நீளம் அளவுக்கு அகலம் வேண்டும். உன் நாய்கள் அந்த ஒடுக்கத்தில் முன்னுக்குப் போனால் பின்னுக்குத்தான் வரவேண்டும். நீ ஒரு வேலை செய். பாரையைப் பக்கவாட்டில் படுக்கவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டு நித்திரை கொள்ளும்போது மூக்கு நுனியிலிருந்து பின்னங்கால் நகம் வரை அள. நிற்கிற நாயை அளந்து வான் வாங்காதே. சீலாவையும் அப்படியே அள. இரண்டு அளவையும் வீட்டுத் தரையில் வெண்கட்டியால் கீறி, நடுவில் நீ நடந்துபோக ஓர் அடி விடு. அந்தக் கீறல் எந்த வானுக்குள் கொள்ளுமோ அதைத்தான் பார்க்க வேண்டும். உன் கட்டிலும் அடுப்பும் மிச்ச இடத்தில்.

அந்தப் பலகைத் தரையும் வேண்டாம். அது பளபளக்கிற அளவுக்கு வழுக்கும். வயது போன நாய்க்கு வழுக்கும் தரையில் ஒருமுறை கால் பிரிந்தால் பிறகு எழும்பப் பயப்படும். தடித்த றப்பர் விரிப்பை ஓரம் வரை ஒட்டி, கழுவிவிடத் தோதாகச் செய். நான் கருவாடு ஏற்றிய காலத்தில் அப்படித்தான் போட்டிருந்தேன். அந்த மணம் போகவில்லை என்று நீ பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைல் கட்டை தள்ளி இறங்கி நடந்துபோனது எனக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருந்தேன். உன் நாய்களுக்கு அந்த மணம் பிடித்திருக்கும்.

இரண்டாவது வான், இருக்கை கழற்றினது, எங்கள் ஊர் டொல்பின் வான் மாதிரியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் கை ஸ்டியரிங்கைத் தேடியது. நல்ல வான். ஆனால் ஏறுகிற படி உயரம். எனக்கு இப்போது வானில் ஏறக் கதவுச் சட்டத்தைப் பிடித்து, ஒரு காலை வைத்து, ஆண்டவரைக் கூப்பிட்டு, பிறகுதான் மற்றக் கால். வயிற்றில் தையல் போட்ட அறுபது கிலோ நாயை நீ ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்கி வைப்பாய்? இடுப்பு உனக்கும் ஒன்றுதான் இருக்கிறது. கதவு ஜன்னல்களும் மனிதன் இருந்து பார்க்கிற உயரத்தில் இருக்கின்றன. படுத்திருக்கிற நாய்க்குத் தகரம்தான் தெரியும்.

இன்னொன்று, வானுக்குள் எதையும் கட்டாமல் வைக்காதே. மடு மாதா திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போன ஒரு வருஷம், முருங்கனுக்குக் கிட்ட மாடு குறுக்கே வந்து நான் பிறேக் அடித்தேன். பின்னாலிருந்த சோற்றுப் பானை பறந்துவந்து என் தோளில் விழுந்தது. அம்மா பாய்ந்து எழும்பி முதலில் பானையைத்தான் பார்த்தாள். “சோறு கொட்டேல்ல, மாதாவே தோத்திரம்” என்றாள். நீயும் சிரித்தாய், என்னைத் தவிர வானில் எல்லாரும் சிரித்தீர்கள். அந்தப் பானையின் பாரம் எவ்வளவு, பாரையின் பாரம் எவ்வளவு என்று யோசி. நெஞ்சை அகலமாகப் பிடிக்கிற வார் வாங்கு, கழுத்துப் பட்டியில் கட்டாதே. வாரின் மறுமுனையை இருக்கையில் கொளுவாமல், தரைக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் வளையம் அடிப்பித்துக் கொளுவு. பாரைக்குத் தையல் போட்ட இடத்தில் வார் படக்கூடாது.

பிறகு வெயில். உனக்கு நான் மன்னார் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நீ அங்கே குளிரூட்டியில் இருந்து மறந்திருப்பாய். கூரையில் காற்றை வெளியே இழுக்கிற விசிறி ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கம் தரையோடு ஒரு காற்றுவழி. கீழே குளிர்ந்த காற்று வந்தால்தான் மேலே சூடு போகும். விசிறிக்கென்று தனி பற்றரி வை. கடைக்குப் போகிறேன், ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போகாதே. ஐந்து நிமிஷம் என்று போனவர்கள் எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை.

ஆகவே மூன்றாவதை எடு. சாம்பல் நிறம், பக்கமெல்லாம் கீறல், பார்க்க ஒரு வடிவும் இல்லை. ஆனால் அது சக்கர நாற்காலிக்காரரை ஏற்றிய வான் என்று எழுதியிருக்கிறாய். பின்கதவைத் திறந்தால் தரை வரைக்கும் சரிவுப் பலகை வருகிறது, பாரை தன் காலாலேயே நடந்து ஏறலாம். யாரும் தூக்கத் தேவையில்லை என்பது வயதுபோன சீவனுக்குப் பெரிய மரியாதை. தரை பதிவாய்த் தாழ்ந்திருக்கிறது, தரையில் இரும்பு வளையங்கள் ஏற்கனவே இருக்கின்றன, ஜன்னலும் கீழே இறங்கியிருக்கிறது. எடுக்கும் முன்பு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அடிப்பக்கம் கறள் பிடித்திருக்கிறதா, சரிவுப் பலகையின் கீல் தேய்ந்திருக்கிறதா என்று பார். நாய்களையும் கூட்டிக்கொண்டு போ. அவை ஏறிப் படுத்து மூச்சு விட்டால்தான் காசைக் கொடு. உன் கட்டிலைப் பதிவாகப் போடு, இரவில் கையைத் தொங்கவிட்டால் பாரையின் தலையில் படவேண்டும்.

அவற்றுக்கு நீ மீன் பேர் வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்ட அன்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “அவன் ஊரை விட்டுப் போகேல்ல” என்றாள்.

வானுக்குள் யாருக்கு முதலில் இடம் என்பதில் நான் இவ்வளவு கண்டிப்பாய்ப் பேசுகிறேனே, ஒரு காலத்தில் நான் எப்படிப் பங்கிட்டேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும். சண்டை வந்து மன்னார்த் தீவை விட்டு வெளிக்கிட்ட அந்த வருஷம் உனக்கு ஆறு வயது. நல்ல வெயில் நேரம். மடுக் கோவிலுக்குப் போனால் உயிர் தப்பலாம் என்று எங்கள் தெருவே என் வானில் ஏறியது. பிறவுணி உனக்கு நினைவிருக்கும். அல்சேஷன் கலப்பு, நீ முதுகில் ஏறினாலும் நிற்கும், அவ்வளவு பெரிய நாய். நீ அதைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாய். “நாய்க்கு எங்க இடம்? ஏறடா” என்று நான் கத்தினேன்.

இடம் இருந்தது, மகன். உன் மாமா அந்த நேரத்தில் தன் வள்ளத்து இஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கடல்காரனுக்கு வீடு போனாலும் இஞ்சின் போகக்கூடாது. நானும் கடல்காரனுடைய பிள்ளைதான், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பின் இருக்கைக்குக் கீழேயும் முன்னேயும் இருந்த இடத்தை அதற்குக் கொடுத்தேன். சரியாக ஒரு பெரிய நாய் படுக்கிற இடம். காட்டுக்குப் போகிறோம், கடல் அங்கே இல்லை என்று அந்த வானில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டு மாதம் மடுவில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே அந்த இஞ்சின் கிடந்தது. பிள்ளைகள் அதில் ஏறிக் குதிரை ஓடினார்கள். நீ மட்டும் ஏறவில்லை. திரும்பி வந்தபோது கடலுக்குப் போகத் தடை, பிறகு உப்பும் கறளும் சேர்ந்து அதைத் தின்றன.

பிறவுணி வானுக்குப் பின்னால் இரண்டு கட்டை தூரம் ஓடிவந்தது. நீ பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அதன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் உன் பின்தலையும் அதற்கு அப்பால் புழுதிக்குள் அதுவும் தெரிந்தன. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நிப்பாட்டுங்கோ. பிள்ளை அழுறான், நிப்பாட்டுங்கோ. என்ட மடியில வைச்சிருக்கிறன்.” அந்த நாயை மடியில் வைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். நான் நிற்பாட்டவில்லை. நின்றால் பிந்திவிடுவோம், பாலத்தை அடைத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை அழுத்தினேன். பாலத்தில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். அவ்வளவு நேரமும் நான் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

“மாமா நாளைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்” என்று உனக்குச் சொன்னேன். அது முதல் பொய். திரும்பி வந்தபோது, படுக்கையில் கிடந்த தாயை விட்டு வரமுடியாமல் ஊரிலேயே நின்ற பக்கத்து வீட்டுத் திரேசா என்னிடம் தனியாகச் சொன்னாள். “அண்ணை, உங்கட நாய் ஒவ்வொரு நாளும் வான் போன றோட்டு வளைவுக்குப் போய் இருக்கும். வான் சத்தம் கேட்டா எழும்பும். நான் போட்ட சோத்தைத் தின்னேல்ல. பேந்து ஒரு நாள் காணேல்ல.” உனக்கு நான் சொன்னது வேறு. “ஒரு ஆமிக்காரன் அதை வளர்க்கக் கொண்டு போயிட்டான், இறைச்சியெல்லாம் போடுறானாம்.” அது இரண்டாவது பொய். அதை நம்பி, நாய் எங்கே என்று கேட்கச் சிங்களத்தில் “பல்லா கோ” என்று யாரிடமோ கேட்டுப் பழகிக்கொண்டு, சோதனைச் சாவடிகளில் எல்லாம் நீ வானுக்குள்ளிருந்து தலையை நீட்டி ஆமிக்காரரிடம் கேட்டாய். உன் காதைத் திருகி உள்ளே இழுத்தேன். ஏழெட்டுச் சாவடிகளுக்குப் பிறகு நீயாகவே நிறுத்திக்கொண்டாய். எப்போது உண்மையை விளங்கிக்கொண்டாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்வாய் என்று பயம்.

இனி அம்மாவின் கடைசி நாளுக்கு வருகிறேன். இதுவரைக்கும் எழுதியதெல்லாம் இதற்காகத்தான்.

அவள் போவதற்கு முதல் நாள் பின்னேரம் நீ போன் எடுத்தாய். நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். பாரைக்கு வயிறு முறுக்கிக்கொண்டது, சற்று முன்புதான் ஒப்பரேசன் முடிந்தது என்று சொன்னாய். அடுத்த வார்த்தை, “அம்மா எப்படி? நான் உடன வரட்டோ? எப்படியும் ஆரையும் பிடிச்சு இதை விட்டுட்டு வாறன். சொல்லுங்கோ அப்பா.” ஊருக்கு நான் மறைத்தது இதை. வரமாட்டேன் என்று நீ முதலில் சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்டாய். “அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றன்” என்றேன் நான்.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். வாயில் இருந்த குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள், சத்தம் மெல்லத்தான் வந்தது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். உனக்குப் போன் எடுக்கவில்லை. நீ இரண்டு தரம் எடுத்தாய், நான் தூக்கவில்லை. விடிய அவள் போய்விட்டாள். அதன் பிறகுதான் பந்தலில் அந்தப் பேச்சு.

ஏன் என்று கேட்பாய். உன் தாயின் பெட்டியைத் தூக்க எனக்கு நீ வேண்டும் மகன், வேறு யாருடைய தோளும் வேண்டாம் என்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கோபிக்கத்தான் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு, அது இதைவிடக் கேவலம். முப்பத்தைந்து வருஷம் அந்த வான் பயணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவள், கடைசியில் சொன்னாள். அவள் அதை மறக்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் சொன்னதை உன்னிடம் சொன்னால் நான் நிற்பாட்டாமல் போனதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, உன்னைக் குற்றவாளியாக்கினேன். பதினொரு மாதம் நீ தாயைக் கைவிட்டவன் என்று நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போயிருப்பாய். அதை நினைத்தால் எனக்கு இந்தப் பேனையைப் பிடிக்க வெட்கமாக இருக்கிறது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்டால் உனக்கு மறுக்க மனம் வராது, அது உன்னை இன்னொருமுறை மடக்குவதுபோல் ஆகிவிடும். நீ வானை எடு, நாய்களை ஏற்று, போ. பாரை இருக்கும் மட்டும் இங்கே வர யோசிக்காதே. அதற்குப் பிறகும் வர மனமில்லை என்றால் வராதே. ஆனால் உன் தாய் உனக்கென்று என் கையில் தந்தது ஒன்று என்னிடமே இருந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் சாகக்கூடாது. கட்டிலில் கிடந்து, என் சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“அவனை வரச் சொல்லாதேங்கோ. அந்தப் பிள்ளையை ஒருக்கா நாயை விட்டுட்டு வரப் பண்ணினது போதும். இந்த முறை அவன் நிக்கட்டும். அம்மா சொன்னவ எண்டு சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டேன் மகன்.

அப்பா
பேசாலை